லாஞ்சில் டீசல் பில்டர்: அடைப்பு டேங்கில்தான் தொடங்குகிறது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடை முடிந்து விசைப்படகுகளான லாஞ்சுகள் கடலுக்குப் போன முதல் வாரத்தில் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே புகார்தான்: "அண்ணே, ஐடிலிங்ல நல்லா ஓடுது, மடிவலை போட்டு இழுக்க ஆரம்பிச்சா ஆர்பிஎம் விழுந்துடுது." நான் கேட்பதும் ஒன்றுதான்: "பில்டர் எப்ப மாத்துனீங்க தம்பி?" பதில் தயாராக வரும்: "தடைக்காலத்துலயே புதுசு போட்டாச்சுண்ணே."

பில்டர் புதுசுதான். டேங்க்தான் பழையபடியே கிடக்கிறது.

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் லாஞ்ச் எஞ்சின் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்னால் டிரைவராகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். டீசல் பில்டரை எஞ்சினோடு சேர்த்துப் பார்க்காதீர்கள், டேங்கோடு சேர்த்துப் பாருங்கள். எந்த பில்டர் வாங்குவது, எத்தனை மைக்ரான் (எவ்வளவு நுண்ணிய துகளைப் பிடிக்கும் என்ற அளவு), எப்போது மாற்றுவது என்ற எல்லாக் கேள்விக்கும் டேங்கின் அடியில் என்ன கிடக்கிறது என்பதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

தடைக்காலத்தில் லாஞ்ச் கரையில் கட்டிக் கிடக்கும்போது டேங்கில் பாதியோ கால்வாசியோ டீசல் இருக்கும். மீதி இடம் முழுக்கக் காற்று. சித்திரை வெயிலில் அது சூடாகி வென்ட் குழாய் வழியே வெளியே போகும், ராத்திரி குளிர்ந்ததும் கடற்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றில் உள்ள ஈரம் டேங்க் சுவரில் வியர்த்து, வழிந்து, அடிக்குப் போய்ச் சேரும். டீசலின் அடர்த்தி 0.83ஐ ஒட்டி இருக்கும், தண்ணீர் 1. அதனால் தண்ணீர் அடியில் தங்கிவிடும். தண்ணீரும் டீசலும் தொடும் அந்த மெல்லிய இடத்தில்தான் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்கின்றன. கறுப்பும் பழுப்புமாகக் கொழகொழவென்று பாசி மாதிரி படிந்திருக்கும். லாஞ்ச் ஆடாமல் நிற்கும் வரை எதுவும் தெரியாது. ஜூன் 15 அன்று முகத்துவாரம் தாண்டி முதல் அலையில் ஏறி இறங்கும்போது இரண்டு மாதம் படிந்த எல்லாம் கலங்கி மேலே வரும், சக்ஷன் குழாய் அதை அப்படியே உறிஞ்சும். புது பில்டர் சில மணி நேரத்தில் அடைபடுவது இப்படித்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று அடிக்கும்போது எஞ்சின் நிற்பதற்கும் இதே காரணம்தான். கடல் அமைதியாக இருந்தால் அடியில் கிடக்கும் குப்பையும் அமைதியாகக் கிடக்கும். கடல் கொந்தளிக்கும்போது, எஞ்சின் எப்போது மிகவும் தேவையோ அப்போது, டேங்க் கலங்கும். கடுவையாற்று முகத்துவாரத்தில் அலை உடைகிற இடத்தில் எஞ்சின் அணைந்தால் லாஞ்சைத் திருப்பி நிறுத்த நேரம் கிடையாது. கோடியக்கரைக்குத் தென்கிழக்கே தொழில் செய்யும்போது அணைந்தால் நீரோட்டம் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகலாம். அதன்பிறகு ஆளுக்கும் லாஞ்சுக்கும் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இத்தனைக்கும் நடுவில் நிற்பது கையளவு மடிப்புக் காகிதம். அதனால்தான் இதில் கஞ்சத்தனம் பார்க்கும் முதலாளிகளிடம் நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிடுவேன்.

சரி, எதை வாங்குவது?

பழைய லேலண்ட் ஆறு சிலிண்டர் போன்ற எஞ்சின்களில் எஞ்சினோடு வருவது இரட்டைக் கிண்ண பில்டர். முதல் கிண்ணத்தில் துணி பில்டர், இரண்டாவதில் பேப்பர் பில்டர். மைக்கோ கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயர் மாறிவிட்டது, கடையில் நாம் இன்னும் மைக்கோ பில்டர் என்றுதான் கேட்கிறோம். நல்ல பில்டர்தான், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த ஏற்பாடு லாரியிலிருந்து வந்தது. லாரி டேங்க் சில நூறு லிட்டர், அடிக்கடி பங்கில் நிரப்புகிறார்கள், பழைய டீசல் தங்குவதில்லை, மேலே உப்புக்காற்றும் கிடையாது. லாஞ்ச் டேங்க் ஆயிரக்கணக்கான லிட்டர், நாள் முழுக்க ஆட்டம், டெக்கில் கடல் தண்ணீர். ஆகவே அந்த இரட்டைப் பில்டரை மட்டும் நம்பி லாஞ்ச் ஓட்டக்கூடாது. டேங்குக்கும், டீசலை இழுத்துத் தரும் சப்ளை பம்ப்புக்கும் நடுவில் தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டர் ஒன்று தனியாக வேண்டும். அடியில் கண்ணாடி போல உள்ளே தெரிகிற கிண்ணமும், தண்ணீரை இறக்கிவிடத் திருகும் இருக்கும் வகை.

இந்த வகையில் நம் துறைமுகங்களில் பலருக்கும் தெரிந்த பெயர் ரேக்கார். அதன் டர்பைன் வரிசையில் 500, 900, 1000 என்று மூன்று அளவு உண்டு. மணிக்கு முறையே 227, 341, 681 லிட்டர் வரை டீசல் கடக்கலாம் என்று கணக்கு. உள்ளே மாற்றிப் போடும் காகித வடிகட்டியான எலிமெண்டின் நிறத்தைப் பார்த்தே மைக்ரானைச் சொல்லிவிடலாம்: பழுப்பு 2, நீலம் 10, சிவப்பு 30. வேறு கம்பெனியின் செப்பரேட்டர் போட்டிருந்தாலும் தவறில்லை, எலிமெண்ட் ஊரிலேயே எப்போதும் கிடைக்கிறதா என்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். எலிமெண்ட் சென்னையிலிருந்து வரவேண்டுமென்றால் அந்த செப்பரேட்டர் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அளவைத் தேர்வு செய்வது எளிது. 100 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் எரிக்கும். ஆனால் எரிப்பது மட்டும் கணக்கில்லை. பம்ப் இழுப்பதில் ஒரு பகுதி எரியாமல் ரிட்டர்ன் லைன் வழியே டேங்குக்குத் திரும்பும். அதுவும் பில்டரைக் கடந்துதான் வருகிறது. பழைய இன்லைன் பம்ப்பில் ரிட்டர்ன் குறைவு. டீசலை ஒரே பொதுக் குழாயில் மிக உயர்ந்த அழுத்தத்தில் வைத்திருக்கும் காமன் ரெயில் எஞ்சினில் எரிப்பதைவிடத் திரும்புவது அதிகமாகவே இருக்கலாம். எஞ்சின் புத்தகத்தில் மொத்த டீசல் ஓட்டம் எவ்வளவு என்று பார்த்து, அதைவிடப் பெரிய செப்பரேட்டராக எடுங்கள். பெரிய எலிமெண்டில் காகிதப் பரப்பு அதிகம், அதே குப்பைக்கு அதிக மணி நேரம் தாங்கும். அளவு பெரிதானதால் எஞ்சினுக்கு ஒரு கெடுதலும் வராது.

மைக்ரான் விஷயத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். டீசலை அழுத்தித் தள்ளும் இன்ஜெக்ஷன் பம்ப்பில், உள்ளே ஓடும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் உறையான பேரலுக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். இதைக் கேட்டதும், "அப்படின்னா 2 மைக்ரானையே முன்னாடி போட்டுடலாமே" என்று தோன்றும். போட்டால் டேங்கிலிருந்து வரும் பெரிய குப்பை, சிறிய குப்பை, பாசி எல்லாமே அந்த ஒரே காகிதத்தில் போய் உட்காரும், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் செப்பரேட்டரின் வேலை தண்ணீரையும் பெருங்குப்பையையும் நிறுத்துவது. அதற்கு 30 அல்லது 10 போதும். நுண்ணிய குப்பையை எஞ்சின் மேல் இருக்கும் இரண்டாவது பில்டர் பார்த்துக்கொள்ளும், அது எஞ்சின் கம்பெனி சொன்ன நம்பரிலேயே இருக்கட்டும். தடை முடிந்த முதல் நடைகளுக்கு (கடலுக்குப் போய்வரும் பயணங்களுக்கு) நான் சிவப்பு போடச் சொல்வேன். டேங்க் சுத்தம் என்று நம்பிக்கை வந்ததும் நீலம். பழுப்பு எலிமெண்டை, பின்னால் வேறு பில்டரே இல்லாத எஞ்சின் என்றால் மட்டும்.

பெட்டியில் 10 மைக்ரான் என்று அச்சிட்டிருந்தால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த அளவுக் குப்பையில் எத்தனை பங்கைப் பிடிக்கிறது என்பதும் வேண்டும். அதற்கு பீட்டா என்று ஓர் எண் கொடுப்பார்கள். பீட்டா 2 என்றால் இரண்டு துகளில் ஒன்று தப்பித்துவிடும். பீட்டா 75 என்றால் 75இல் ஒன்றுதான் தப்பும், 98.7 சதவீதம் பிடிபடும். இரண்டு பெட்டியிலும் 10 மைக்ரான் என்றே எழுதியிருக்கலாம்! விலை ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். எண்ணே கொடுக்காத பில்டரை நான் மாட்டுவதில்லை.

போலி எலிமெண்ட் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல கம்பெனிப் பெயரில், அதே நிற மூடியோடு, பாதி விலைக்கு விற்கிறார்கள். ஒரு கடையில் வாங்கிய எலிமெண்ட் ஒன்றை, போட்ட லாஞ்ச் பம்ப் பழுதாகி வந்து நின்றதும், கத்தி வைத்து நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். மடிப்புகள் ஓரிடத்தில் ஐந்தாறு நெருக்கமாக ஒட்டிக் கிடந்தன, பக்கத்திலேயே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. மேல் மூடியில் பசை பாதி வட்டத்துக்குத்தான் பிடித்திருந்தது, பசை இல்லாத இடத்தில் காகித விளிம்பு கறுத்துப் போயிருந்தது. டீசல் காகிதத்தின் வழியே போகாமல் அந்தச் சந்து வழியே போயிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். எலிமெண்ட் பார்க்க அழுக்கே ஆகவில்லை. "பில்டர் சுத்தமா இருக்கே, ஏன் மாத்தணும்" என்று அந்த டிரைவர் தம்பி நினைத்ததில் தப்பே சொல்ல முடியாது. வாங்கும்போதே மடிப்பு ஒரே சீராக இருக்கிறதா, இரண்டு மூடியிலும் பசை சுற்றிலும் பிடித்திருக்கிறதா, ரப்பர் வாஷர் அழுத்தினால் திரும்பி எழுகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இனி, எப்போது மாற்றுவது. 250 மணி நேரத்துக்கு ஒரு முறை, 500 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எஞ்சின் புத்தகங்களில் இருக்கும். நாலைந்து நாள் தங்கித் தொழில் செய்யும் லாஞ்சில் எஞ்சின் ராத்திரி பகலாக ஓடுகிறது. ஒரு நடையிலேயே 100 மணி நேரம் தாண்டிவிடும். மூன்றாவது நடைக்குள் 250 முடிந்துவிடும். "போன மாசம்தான் மாத்துனேன்" என்ற பேச்சுக்கு அர்த்தமே இல்லை. ஹவர் மீட்டர் பாருங்கள். அதைவிட நல்லது, செப்பரேட்டர் தலையில் வேக்குவம் கேஜ் ஒன்று வைப்பது. பம்ப் எவ்வளவு கஷ்டப்பட்டு இழுக்கிறது என்பதை அது பாதரச அங்குலத்தில் காட்டும். புது எலிமெண்டில் ஒன்று இரண்டு காட்டும். ஐந்தைத் தொட்டால் ஸ்பேர் கைவசம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு எட்டு வந்தால் மாற்றிவிடுங்கள், பத்து வரை விடாதீர்கள். ஒரு நிபந்தனை: மடி இழுத்துக்கொண்டு முழு ராக்கில், அதாவது டீசலை முழுக்கத் திறந்துவிட்டு, ஓடும்போது பார்க்கிற ரீடிங்தான் ரீடிங். கரையில் ஐடிலிங்கில் பார்த்தால் அடைந்த பில்டரும் நல்ல பில்டர் மாதிரியே காட்டும். ஒவ்வொரு நடையிலும் இரண்டு தடவை நோட்டில் எழுதி வைக்கும் டிரைவருக்கு நடுக்கடலில் திடீரென்று எதுவும் ஆவதை நான் பார்த்தது குறைவு.

மாற்றும் வேலையைக் கரையிலேயே, எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலோ டர்போவிலோ டீசல் சொட்டினால் தீப்பிடிக்கும். முதலில் டேங்க் வால்வை மூடுங்கள். டேங்க் நிறைந்திருந்தால் டீசல் மட்டம் பில்டரைவிட மேலே நிற்கும், வால்வை மூடாமல் கிண்ணத்தைக் கழற்றினால் எஞ்சின் ரூம் முழுக்க ஓடும். பிறகு அடித் திருகைத் தளர்த்தி, கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். சாக்கடையிலோ ஆற்றிலோ விடாதீர்கள். அந்த ஆற்றில்தான் நாம் தொழில் செய்கிறோம்.

அந்தப் பாட்டிலை அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். வேலையில் மிக முக்கியமான பகுதி இது, பெரும்பாலானோர் விட்டுவிடுகிற பகுதியும் இதுதான். அடியில் தெளிவான கோடு போட்டுத் தண்ணீர் நின்றால் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ஒரு சொட்டு நாக்கில் வைக்கச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. அது வேண்டாம், ஒரு தட்டில் ஊற்றிக் காயவிட்டால் உப்பு வெள்ளையாகப் படியும். உப்பு இருந்தால் டெக்கில் இருக்கும் நிரப்பு மூடியின் ஓ-ரிங் போய்விட்டது, அல்லது வென்ட் வழியே அலை இறங்குகிறது. உப்பு இல்லையென்றால் பெரும்பாலும் டேங்க் வியர்த்த தண்ணீர், இல்லை மழை, இல்லை டீசலோடு வந்தது. கறுப்புக் கொழகொழப்பு என்றால் பாசி. செம்பழுப்புத் தூள் என்றால் டேங்கின் இரும்புத் தகடு துருப்பிடிக்கிறது. ரப்பர் துணுக்கு கிடந்தால் ஹோஸ் உள்ளே உரிகிறது. பில்டர் மாற்றியதும் பழையதைத் தூக்கிப் போடுகிறவர் இவ்வளவு தகவலையும் தூக்கிப் போடுகிறார்.

கிண்ணத்தைத் துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டாம். நூல் பிரிந்து உள்ளே தங்கும். பஞ்சு விடாத துணியால், சுத்தமான டீசலில் துடையுங்கள். பழைய ரப்பர் வாஷர் மேல் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புது வாஷரும் சேர்ந்து உட்கார்ந்தால் இறுக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், ஓடும்போது காற்று இழுக்கும். புது வாஷரில் சுத்தமான டீசல் தடவி மாட்டுங்கள். சுழற்றி மாட்டும் பில்டர் என்றால் வாஷர் தலையைத் தொட்ட பிறகு அரை முதல் முக்கால் சுற்று, கையாலேயே போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் வாஷர் பிதுங்கிவிடும். சீலன்ட், டெஃப்லான் டேப் எதையும் டீசல் லைன் பக்கமே கொண்டுவராதீர்கள். துணுக்கு உடைந்தால் நேராகப் பம்ப்புக்குத்தான் போகும்.

முன்னால் இருக்கும் செப்பரேட்டரில் சுத்தமான டீசலை ஊற்றி நிரப்பி மூடலாம், பின்னால் இன்னொரு பில்டர் இருப்பதால் ஆபத்தில்லை. எஞ்சின் மேல் இருக்கும் இரண்டாவது பில்டரை மட்டும் கேனிலிருந்து நிரப்பி மாட்டாதீர்கள். நடுத்துளையில் ஊற்றும் டீசல் காகிதத்தைத் தாண்டிய பக்கத்தில் விழுகிறது, கேனில் இருந்த தூசி வடிகட்டப்படாமல் டீசலைத் தெளிக்கும் நாசில் வரை போகும். அதைக் காலியாக மாட்டி, ஹேண்ட் பம்ப்பை அடித்து நிரப்புங்கள். கொஞ்சம் கை வலிக்கும், பம்ப் பிழைக்கும்.

ஏர் எடுப்பதற்கு பில்டர் தலையில் இருக்கும் ப்ளீட் திருகை ஒன்றரைச் சுற்று தளர்த்தி, ஹேண்ட் பம்ப்பை அடியுங்கள். முதலில் வெறும் காற்று சீறும். பிறகு வெள்ளை நுரையாக வரும். அடுத்து டீசலும் குமிழியும் கலந்து துப்பித் துப்பி வரும். அங்கே நிறுத்திவிடாதீர்கள், குமிழியே இல்லாமல் கம்பி போல ஒரே சீராக டீசல் வழிய வேண்டும். அடித்துக்கொண்டிருக்கும்போதே திருகை மூடுங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்ப்பின் ப்ளீட் திருகில் இதே வேலை. அதன்பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நாசில் பைப் நட்டைத் தளர்த்திக் கிராங்க் செய்வார்கள். பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில் மட்டும்தான் அதைச் செய்யலாம். காமன் ரெயில் எஞ்சினில் நட்டைத் தொடவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் உள்ள டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகிவிடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த எஞ்சின்களில் எலக்ட்ரிக் பிரைமிங் பம்ப்போ ஹேண்ட் பம்ப்போ செய்கிற வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடலில் மாற்ற வேண்டி வந்தால் என்ன செய்வது என்பதற்கு என் பதில் இரட்டை செப்பரேட்டர். இரண்டு செப்பரேட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவில் மாற்று வால்வு. ஒன்று அடைத்தால் வால்வைத் திருப்பினால் போதும், எஞ்சின் நிற்காது, அடைத்ததை ஓடும்போதே மாற்றிக்கொள்ளலாம். செலவு ஆகும்தான். ஒரு தடவை லாஞ்சைக் கட்டி இழுத்து வர வைத்தால் கரைகிற ஐஸ், வீணாகிற மீன், இழுக்க வந்த லாஞ்சின் நடை, எல்லாம் சேர்த்துப் பாருங்கள். எந்த முதலாளிக்கும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டத் தயார். செப்பரேட்டரை எங்கே மாட்டுவது என்பதையும் யோசியுங்கள். எக்ஸாஸ்டுக்குத் தள்ளி, ராத்திரியில் லாஞ்ச் உருளும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணத்துக்குக் கீழே வெப்பம் தடுக்கும் உலோகக் கவசம் உள்ள மாடல் கிடைக்கிறது. எஞ்சின் ரூமுக்கு அதுதான் சரி.

ஆர்பிஎம் விழுந்தால் உடனே பில்டர் என்று முடிவு கட்டவும் வேண்டாம். சுமையில் விழுந்து, ராக்கைக் குறைத்ததும் சரியானால் அடைப்பு. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறி இறங்கித் தள்ளாடினால், காலையில் ஸ்டார்ட் ஆக நேரமெடுத்தால், காற்று. டேங்குக்கும் பம்ப்புக்கும் இடையே உள்ள லைன் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். "எங்கயும் லீக் இல்லைண்ணே" என்று சொல்பவர்கள் டீசல் ஈரத்தைத் தேடியிருப்பார்கள். செப்பரேட்டருக்கும் சப்ளை பம்ப்புக்கும் நடுவில் ஒரு சாண் நீளம் உள்ளே தெரிகிற ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டு ஓட்டுங்கள், குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சுத்தமான கேனில் நல்ல டீசலை ஊற்றி, எஞ்சின் அருகிலேயே வைத்து, சப்ளை பம்ப்பின் சக்ஷனை அதில் விட்டு ஓட்டுங்கள். எஞ்சின் ஒழுங்காக ஓடினால் குற்றம் முழுக்க டேங்கிலிருந்து அந்த இடம் வரைக்குள் இருக்கிறது. ஓடாவிட்டால் இந்தப் பக்கம். பாதி லாஞ்சைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

தடைக்காலம் முடிந்த லாஞ்ச் என்றால் டேங்க் மூடியையும் திறந்து பாருங்கள். திறக்கும்போது சூ என்று காற்று உள்ளே போனால் வென்ட் அடைத்திருக்கிறது. பெயிண்ட் அடிக்கிறவர் வென்ட் வலையின் மேலேயே இரண்டு கோட்டிங் அடித்துவிட்டுப் போயிருப்பார், இல்லையென்றால் குளவி கூடு கட்டியிருக்கும். நாலு புது பில்டர் மாற்றியும் தீராத தொல்லை ஒரு கம்பியால் குத்தியதும் தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

டேங்கை என்ன செய்வது? தடைக்காலத்தில் டேங்கை விளிம்பு வரை நிரப்பி வைத்தால் காற்றுக்கு இடமில்லை, வியர்க்காது. ஆனால் இரண்டு மாதம் வருமானம் இல்லாத நேரத்தில் அவ்வளவு பணத்தை டீசலாக நிறுத்தி வைக்க யாரால் முடியும்? அதனால், முழுக்கக் காலி செய்து, மேன்ஹோல் திறந்து, அடியைத் துடைத்து, டீசல் நனைத்த துணியால் சுவரில் பூசி மூடி வைக்கச் சொல்வேன். பாதி டேங்க்தான் எல்லாவற்றிலும் மோசம். ஆள் உள்ளே இறங்குவதென்றால் பிளோவர் போட்டுக் காற்று விட்ட பிறகு, வெளியே ஒருவர் நிற்க இறங்குங்கள். ஆவி தங்கிய டேங்கில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும், சுத்தம் செய்யாமல் வெல்டரைக் கூப்பிடாதீர்கள். புது டேங்க் செய்கிறவர்கள் அடியில் ஒரு குழியும் அதில் டிரெயின் காக்கும் வைக்கச் சொல்லுங்கள், சக்ஷன் குழாய் அடியிலிருந்து ஓர் அங்குலமாவது மேலே நிற்கட்டும். துத்தநாகம் பூசிய ஜிஐ தகடும் ஜிஐ பைப்பும் டீசலுக்கு ஆகாது. அதன் துத்தநாகம் டீசலில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து சோப்பு போலாகி பில்டரையும் நாசிலையும் அடைக்கும்.

பாசிக்கு மருந்து கிடைக்கிறது. டப்பாவில் போட்ட அளவுக்கு ஊற்றினால் வேலை செய்யும். ஆனால் செத்த பாசி எங்கும் மறைந்துவிடாது, உதிர்ந்து நேராக பில்டருக்கு வரும். டேங்கைக் கழுவாமல் மருந்து மட்டும் ஊற்றிக் கடலுக்குப் போவது போகாத ஊருக்கு வழி தேடுவது. முதலில் கழுவுங்கள், பிறகு மருந்து, அடுத்த இரண்டு நடைக்குக் கூடுதல் எலிமெண்ட்.

டீசல் பிடிக்கும்போது அளவுக் கோலின் நுனியில் வாட்டர் பேஸ்ட் தடவி டேங்கின் அடி வரை விட்டு எடுங்கள். தண்ணீர் பட்ட இடம் நிறம் மாறும். பிடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, பிடித்து சில மணி நேரம் கழித்து ஒரு தடவை. இதைச் செய்யாமல் பங்க்காரர் தண்ணீர் கலந்துவிட்டார் என்று சண்டைக்குப் போவதில் நியாயமில்லை, செய்துவிட்டுப் போனால் அவர்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

லாஞ்சில் நிரந்தரமாக இருக்க வேண்டிய பெட்டி ஒன்று உண்டு. செப்பரேட்டருக்குக் குறைந்தது நாலு எலிமெண்ட், தடை முடிந்த நடை என்றால் ஆறு. எஞ்சின் பில்டர் இரண்டு செட். எல்லா வாஷரும் ஓ-ரிங்கும், டீசல் பைப்பை இணைக்கும் பேன்ஜோ போல்ட்டுக்கான காப்பர் வாஷர் ஒரு கைப்பிடி, ஹோஸ் ஒரு மீட்டர், கிளிப், ப்ளீட் திருகுக்குப் பொருந்தும் ஸ்பேனர் தனியாக அதே பெட்டியிலேயே. தலையில் மாட்டும் டார்ச். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, எலிமெண்டை அதன் உறையைக் கிழிக்காமல் வையுங்கள், கடல் ஈரத்தில் காகிதம் ஊறிவிடும். பெட்டிக்குப் பக்கத்தில் வடிகட்டிய டீசல் இருபது லிட்டர், சீல் வைத்த கேனில். கரையில் சோதனைக்கு உதவும் அதே கேன், டேங்க் முழுக்கக் கெட்டுப்போன ராத்திரியில் ராக்கைக் குறைத்து ஓட்டினால் முகத்துவாரம் தாண்டி உள்ளே வந்து கயிறு போடுகிற வரைக்கும் எஞ்சினை ஓட வைக்கும்.